உடையவர் கோபம்

ஒரு பொருளைக் குறை கூறினால் அப்பொருளுக்கு நோவதில்லை. அதனைப் பணம் கொடுத்து வாங்கியவருக்கே நோகிறது. பத்திரிகையில் மோட்டார் வண்டி ஒன்றைப் பற்றி மதிப்புரை எழுதுகிறவர், அவ்வண்டி வளைவில் தடுமாறுகிறது என்றோ எரிபொருளைக் குடித்துத் தீர்க்கிறது என்றோ எழுதிவிட்டால், அதனை வைத்திருப்போர் தம் பிள்ளையைப் பிறத்தியார் ஏசிவிட்டாற்போலக் கொதித்தெழுகின்றனர். எழுதியவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பார் ஒருவர். வாங்க வழியில்லாதவன் வயிற்றெரிச்சல் என்பார் இன்னொருவர். மாற்றுக் கம்பனியிடம் கைநீட்டியவன் என்பார் மூன்றாமவர். கதையும் கவிதையும் பேச வேண்டிய இடத்தில் வண்டிப் பேச்சு எதற்கு என்று ஆசிரிய நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் மதிப்புரை என்னும் எழுத்து வகை இன்று மிகுதியாகப் படிக்கப்படுவது நூல்களைப் பற்றியன்று. வண்டிகளையும் கைத்தொலைபேசிகளையும் பற்றியே. குறைகூறலை நம் சமூகம் எவ்வாறு ஏற்றுக்கொள்கிறது என்று அறிய விரும்புகிறவர் அங்கேயும் சற்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வன்னிப் பெருநிலத்தில் இப்பேச்சுக்கு ஒரு காலப் பொருத்தமும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஐந்து ஆண்டுகளாகப் பழைய வண்டிகளையே கைமாற்றிக்கொண்டிருந்த நாட்டில் புதிய வண்டிகளைப் பற்றிய ஆவல் பெருகியது இயல்பே. முன்னொரு காலத்தில் வயலுக்கு எந்த உழவு இயந்திரம் உகந்தது என்று வாதிட்டவர்கள், இன்று பிராடோவா மொண்டெரோவா என்று தேநீர்க் கடை வாசலில் நின்று வாதிடுகிறார்கள். வாங்கப்போகிறவர் அவர்களுள் நூற்றில் ஒருவராக இருக்கலாம். வாதத்தில் எல்லாருக்கும் பங்குண்டு. நாம் 'ஜீப்' என்ற ஒரே சொல்லால் அழைத்துவிடும் அந்த உயர்ந்த, அகன்ற, சொகுசான வண்டிகள், பந்தயக் காரின் வேகத்தையும் வீட்டு விறாந்தையின் சுகத்தையும் காட்டுவழியில் ஏறி இறங்கும் வலிமையையும் ஒருங்கே தருவன என்று விற்கப்படுகின்றன. மூன்றும் ஒரே இரும்பில் அமையுமா என்பதே மதிப்புரைக்காரரின் கேள்வி. அமைந்துவிட்டது என்பது உடையவரின் பதில்.

இந்த இனத்து வண்டிகளைச் சுற்றி எழுந்த வாதங்களுள் பெயர்பெற்றது, ஜெர்மனியின் போர்ஷே கம்பனி 2002ஆம் ஆண்டு பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் வெளியிட்ட கயேன் வண்டியைப் பற்றியது. தாழ்ந்து ஒடுங்கிய பந்தயக் கார்களுக்கே பேர்போன கம்பனி நெடிய ஜீப் ஒன்றைச் செய்து நிறுத்தியதும், மதிப்புரைக்காரர் பலர் அதன் தோற்றத்தை எள்ளி நகையாடினர். ஓட்டம் நன்று, முகம் நன்றன்று என்பது அவர்கள் தீர்ப்பின் சாரம். அக்கம்பனியின் பழைய கார்களைப் போற்றி வைத்திருந்தோரும் குலப்பெருமை கெட்டதென்று அவர்களோடு சேர்ந்துகொண்டனர். வாங்கியவர்களோ வாங்கிக்கொண்டே இருந்தனர். 2010 வரை ஓடிய அதன் முதல் தலைமுறை இரண்டரை இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. இவ்வழக்கில் நாம் உடையவர் பக்கம் நிற்கத் தயார். முகத்தின் அழகு பணம் கொடுத்தவர் கண்ணுக்குத் தோன்றினால் போதுமானது. ஊரார் அதில் வழக்காட ஒன்றுமில்லை.

ஆனால் எல்லா வழக்கும் முகத்தைப் பற்றியதன்று.

2010 ஏப்ரல் 13ஆம் நாள், அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்னும் சஞ்சிகை, லெக்சஸ் ஜீஎக்ஸ் 460 என்ற சொகுசு ஜீப்பை எவரும் வாங்க வேண்டாம் என்று அறிவித்தது. வன்னிக்கு இவ்வண்டி அந்நியமானதன்று. நமது வீதிகளில் ஓடும் டொயோட்டா பிராடோவோடு உடன்பிறந்தது. கூடுதல் சொகுசும் பெரிய எஞ்சினும் பூட்டி அதே கம்பனி லெக்சஸ் என்ற பெயரில் விற்றது. சோதனை இதுதான்: வளைவு ஒன்றில் விரைந்து திரும்பும்போது சாரதி அக்சிலேட்டரிலிருந்து திடீரெனக் காலை எடுக்கிறார். அவ்வேளை வண்டியின் பின்புறம் வெளியே வீசப்படாதவாறு, சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவி உடனே தலையிட வேண்டும். இந்த வண்டியிலோ அக்கருவி விழித்துக்கொள்வதற்குள் வண்டி ஏறக்குறையக் குறுக்காகத் திரும்பிவிட்டது. உயரமான வண்டி குறுக்காகச் சறுக்குகையில் வீதியோரக் கல்லிலோ குழியிலோ சில்லு முட்டினால் உருண்டுவிடக்கூடும். சஞ்சிகையின் பொறியியலாளர் நால்வர் ஓட்டிப் பார்த்தனர். நால்வருக்கும் அதுவே நேர்ந்தது.

கம்பனி அன்றே விற்பனையை நிறுத்தியது. தன் ஆட்களைக் கொண்டு அதே சோதனையைச் செய்வித்து, சொல்லப்பட்டது மெய்யே என்று கண்டு, ஏறத்தாழ 9,400 வண்டிகளைத் திருப்பி அழைத்துக் கருவியின் மென்பொருளை மாற்றிக் கொடுத்தது. திருத்திய வண்டியைச் சஞ்சிகை மீண்டும் ஓட்டிப் பார்த்தது. மே 7ஆம் நாள் தன் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டது. இருபத்து நான்கு நாளில் முடிந்த காரியம். 1936இல் தொடங்கப்பட்ட அச்சஞ்சிகை விளம்பரம் ஏற்பதில்லை. சோதிக்கும் வண்டிகளைச் சாதாரண வாடிக்கையாளரைப் போலக் கடையிலேயே விலைகொடுத்து வாங்குகிறது. கம்பனி இரவல் கொடுத்த வண்டியில், கம்பனி வாங்கிக் கொடுத்த விருந்தை உண்டுவிட்டு எழுதப்படும் மதிப்புரைக்கு இந்த இருபத்து நான்கு நாட்கள் வாய்த்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இத்தகைய தீர்ப்பு வரும்போது உடையவர் பேச்சு உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. இத்தனை ஆயிரம் மைல் ஓடிவிட்டேன், எனக்கு ஒன்றும் நேரவில்லை. எவன் வளைவிலே இப்படிக் காலை எடுத்து ஓட்டுகிறான்? ஜீஎக்ஸ் வண்டியால் விபத்து எதுவும் நேர்ந்ததாகத் தகவல் இல்லை என்பதை அச்சஞ்சிகையே அன்று சொல்லிற்று. ஆகவே உடையவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் 'எவன் இப்படி ஓட்டுகிறான்' என்ற கேள்விக்கு, ஏ9 வீதியில் இரவிலே ஓட்டியவர் எவரும் விடை சொல்வார். ஓமந்தைக்கும் பரந்தனுக்கும் இடையே, பகல் வெயிலில் சூடேறிய தாரின் மேல் குளிர்காய்ந்து படுத்திருக்கும் மாடு, முன்விளக்கின் வெளிச்சம் பட்டதும் எழும்பிக் குறுக்கே நடக்கும். காட்டோரத்தில் அது மாடாகவும் இருக்கலாம், யானையாகவும் இருக்கலாம். அந்தக் கணத்தில் சாரதி என்ன செய்கிறார்? காலை எடுக்கிறார், வண்டியை வெட்டித் திருப்புகிறார், விலத்துகிறார். கனெக்டிகட் மாநிலத்துச் சோதனைத் தளத்தில் அந்த நால்வர் செய்ததும் ஏறக்குறைய அதுவே.

அதே சஞ்சிகை 2001இல் மிற்சுபிஷி மொண்டெரோ லிமிட்டட் என்ற வண்டியையும் ஏற்கத்தகாதது என்று தள்ளியது. தடை ஒன்று திடீரெனத் தோன்றினால் விலத்தி மீண்டும் தன் பக்கத்துக்கு வருவதுதான் அங்கு நடந்த சோதனை. அதிலே வண்டியின் சில்லுகள் நிலத்தை விட்டு எழும்பின. கம்பனி அத்தீர்ப்பை மறுத்தது. அது அந்த ஆண்டுக்குரிய வண்டியைப் பற்றிய தீர்ப்பு என்பதையும், அப்பெயர் தாங்கிய எல்லா வண்டிக்கும் அதனைப் பொருத்துவது நியாயமன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பெயரைக் கேட்டவுடனே, எங்கள் மொண்டெரோவையா சொன்னான் என்று சீறுகிறவருக்கு ஒரு வார்த்தை. எனக்கு நேரவில்லை என்பது சாட்சியமே. அவர் வழியில் அந்த மாடு இன்னும் எழும்பவில்லை என்பதற்கு அது சாட்சியம்.

இதனால் மதிப்புரைக்காரர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்றாகாது. அவர் புது வண்டியை ஒரு கிழமை ஓட்டுகிறார். உடையவர் பத்து வருடம் ஓட்டுகிறார். மேலைநாட்டு மதிப்புரைகளில் ஓயாமல் வரும் கிண்டல் ஒன்றுண்டு: இவ்வண்டியை வாங்குகிறவர் ஒருநாளும் தார்வீதியை விட்டு இறங்கப்போவதில்லை, பின் எதற்கு இந்த உயரமும் நாற்சில்லு இயக்கமும் என்பது. அதை எழுதியவரை ஒரு மார்கழி மாதம் ஒட்டுசுட்டானுக்கோ நெடுங்கேணிக்கோ அழைத்து வந்து, உள்ளே இருக்கும் கிராமங்களுக்கு அனுப்பி வைக்கலாம். இங்கே வண்டி வீதியை விட்டு இறங்குவதில்லை. வீதிதான் வண்டியை விட்டு இறங்கிவிடுகிறது. கிரவல் தூசி எத்தனை மாதத்தில் குளிரூட்டியை அடைக்கும், சேற்றில் எத்தனை போகம் ஓடினால் அடியிரும்பு அரிக்கும், கொழும்பிலிருந்து உதிரிப்பாகம் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்பவற்றை வெளியூர்ச் சஞ்சிகை எதுவும் எழுதமாட்டாது. அவற்றை அறிந்தவர் உடையவரே.

இவ்வகை அறிவு வன்னிக்குப் புதிதன்று. 1990களில் வடக்கிற்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தை நடுவயதைத் தாண்டியோர் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோலில் ஓடுவதற்கென்றே ஆக்கப்பட்ட ஒஸ்ரின், மொறிஸ் கார்களை, சில துளி பெற்றோலைக் காபரேட்டரில் விட்டு எழுப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகையும் நாற்றமுமாக அவை ஆஸ்பத்திரிக்கும் போயின, கலியாணத்துக்கும் போயின. 1950களில் இங்கிலாந்தில் அக்கார்கள் விற்பனைக்கு வந்தபோது மதிப்புரை எழுதிய எவரும் கனவிலும் எண்ணியிராத சோதனை அது. அச்சோதனையில் தேறிய வண்டி எது, தேறாதது எது என்பது நம் கராஜ்காரருக்குத் தெரிந்திருந்தது. ஒருவரும் அதை எழுதிவைக்கவில்லை.

பின்னர் 2022 ஜூலையில் எரிபொருள் அனுமதி முறை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து ஊற்றியபோது, 87 லீற்றர் கொள்ளும் தாங்கியுடைய ஜீப்பை வைத்திருந்தோர் வேறொரு பாடம் கற்றனர். எரிபொருட் செலவு அதிகம் என்று மதிப்புரைகள் வருடக்கணக்காக எழுதிவந்ததை அந்த வாரங்களில் மறுத்துப் பேசுவது கடினமாயிருந்தது. வரிசையில் நிற்கும்போது கோபத்துக்குப் பொறுமை இருப்பதில்லை.

அப்படியாயின் இவ்வளவு கோபம் எங்கிருந்து வருகிறது? இலங்கையில் பெரிய எஞ்சின் பூட்டிய வண்டியின் விலையிலே வரியே பெரும்பகுதி. கொடுத்த பணம் மிகையென்று உடையவருக்கும் உள்ளூரத் தெரியும். அதனாலேயே வண்டி மிகையான சிறப்புடையதாக இருந்தாக வேண்டியிருக்கிறது. இறக்குமதி நின்றிருந்த ஆண்டுகளில் பழைய வண்டிகளும் விலை ஏறிப் போயின. வாகனம் என்பது வங்கியிலிட்ட வைப்புப்போல ஆயிற்று. இந்நிலையில் பத்திரிகையில் வரும் ஒரு குறை, 'இந்தப் பாகத்தைத் திருத்துக' என்று உடையவர் காதில் விழுவதில்லை. 'உன் சொத்தில் இத்தனை இலட்சம் குறைந்தது' என்றே விழுகிறது.

இதைப் பேராசை என்று சொல்லி நகைத்துவிட்டுப் போகலாம். நமக்கு அதற்கு மனம் வரவில்லை. 2009க்குப் பின் முள்ளிவாய்க்காலிலும் புதுக்குடியிருப்பிலும் லொறிகளும் உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும் எரிந்தும் துருவேறியும் மலைபோலக் குவிந்து கிடந்ததைக் கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவற்றுள் தம் வண்டியைத் தேடியவர்களும் இருக்கிறார்கள். அவ்விதம் எல்லாவற்றையும் விட்டுவந்த ஒருவர், கடன்பட்டோ, வெளிநாட்டுப் பிள்ளையின் பணத்திலோ மீண்டும் ஒரு வண்டியை வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிறார் என்றால், அவ்வண்டியைப் பற்றிய குறை அவருடைய மீண்டெழுதலைப் பற்றிய குறையாகவே படும். அவ்வுணர்ச்சிக்குத் தலைவணங்குகிறோம். ஆயினும் சறுக்கும் வண்டி அவ்வுணர்ச்சியை அறியாது, சறுக்கவே செய்யும்.

நம் இலக்கிய நண்பர்களுக்கு இக்கோபம் பழக்கமானதே. நூல் வெளியீட்டு விழாவிலே நயப்புரை ஆற்றவந்தவர் வாய் தவறி ஒரு குறையைச் சொல்லிவிட்டால், ஏற்புரைக்கு எழும் நூலாசிரியர் நன்றி சொல்ல வைத்திருந்த நேரம் முழுவதையும் அதற்கே செலவிடுவதை எத்தனை மண்டபங்களில் பார்த்திருக்கிறோம்! ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நூலாசிரியர் தாம் பெற்ற பிள்ளைக்காகச் சினக்கிறார். வண்டியுடையவரோ யாரோ செய்து விற்ற பொருளுக்காகச் சினக்கிறார். செய்தவர் தூர தேசத்தில் நிம்மதியாக உறங்குகிறார். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் மீது சினந்து மறுப்பு எழுதிய லெக்சஸ் உடையவர் ஒருவர் இருந்திருப்பாராயின், அவருடைய வண்டியும் திருத்தப்பட்டது அச்சஞ்சிகையாலேயே.

செய்தவரும் சிலவேளை உறங்குவதில்லை. சுசுகி சமுராய் என்ற சிறு ஜீப் உருளும் அபாயம் உடையதென்று 1988இல் அச்சஞ்சிகை எழுதியது. சுசுகி கம்பனி 1996இல் வழக்குத் தொடர்ந்தது. 2004இல்தான் வழக்கு இணக்கமாக முடிந்தது. ஒரு மதிப்புரைக்காக எட்டு ஆண்டு நீதிமன்ற வாசலில் நிற்கும் வலிமை எத்தனை பத்திரிகைக்கு உண்டு? விளம்பரம் தருபவரின் வண்டியைக் குறைத்து எழுதுவதற்கே அஞ்சும் உலகம் இது.

சுதந்திரமான பத்திரிகை இருந்தும், நீண்ட அனுபவமுடைய உடையவர் இருந்தும், இருவரும் ஒருங்கே ஏமாந்த கதையும் உண்டு. முற்கூறிய கயேன் வண்டியின் டீசல் வகை ஓட்டுவதற்கு இனியது, சிக்கனமானது என்று மதிப்புரைகளில் பாராட்டுப் பெற்றது. உடையவர்களும் மகிழ்ந்தனர். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளின் புகை, சோதனைக் கூடத்தில் ஒருவிதமாகவும் வீதியில் வேறுவிதமாகவும் இருப்பதை, 2014இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவிகளை வண்டியிலேயே ஏற்றிச்சென்று அளந்து காட்டினர். 2015 நவம்பரில் அமெரிக்கச் சுற்றாடல் அதிகாரிகள் கயேன் டீசலின் பெயரையும் குற்றப்பட்டியலில் சேர்த்தனர். 2017 ஜூலையில் ஜெர்மன் அரசு அவ்வண்டியின் ஒரு வகையைப் புதிதாகப் பதிவு செய்வதைத் தடுத்து, ஐரோப்பா முழுவதிலும் ஏறத்தாழ 22,000 வண்டிகளைத் திருப்பி அழைக்கச் செய்தது. ஓட்டியவருக்குக் குறை தெரியவில்லை, எழுதியவருக்கும் தெரியவில்லை. அக்குறை இருந்தது வெளியே, பின்னால் வருகிறவருடைய மூச்சில்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க விரும்புகிறோம். மதிப்புரைக்காரரும் உடையவரும் எவ்வளவுதான் சண்டையிட்டாலும் இருவரும் கண்ணாடிக்கு உள்ளே அமர்ந்தே சண்டையிடுகின்றனர். இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட எடையும் நெஞ்சு மட்டத்துக்கு எழுந்த முகப்பும் உடைய இவ்வண்டிகள் வேகமாகப் போகையில், பாடசாலை விட்டு ஏ9 ஓரமாகச் சைக்கிளில் போகும் பிள்ளைக்கு என்ன மதிப்புரை உண்டு? ஐரோப்பாவில் 1997இல் தொடங்கிய யூரோ என்காப் சோதனைகள், வண்டி மோதினால் நடந்துபோகிறவருக்கு என்ன ஆகும் என்பதையும் முதலிலிருந்தே அளந்து வருகின்றன. நமது வாதங்களில் அவ்வளவை எவரும் கேட்பதில்லை. இரும்புக் கம்பித் தடுப்பை முகப்பில் பூட்டி வண்டிக்கு மிடுக்குச் சேர்ப்பவர், அது யாருடைய எலும்புக்கு எதிரே நிற்கிறது என்று எண்ணுவதில்லை.

இன்னொருவரையும் நாம் கேட்பதில்லை. நமது நாட்டில் சொகுசு ஜீப்பின் உடையவர் பலவேளை பின் ஆசனத்திலேயே இருக்கிறார், ஓட்டுபவர் சாரதி. வளைவில் வண்டி எப்படிச் சாய்கிறது, மழையில் பிரேக் எங்கே பிடிக்கிறது, கிரவலில் பின்புறம் எப்பொழுது நழுவத் தொடங்குகிறது என்பதெல்லாம் அவருடைய கைக்கும் காலுக்கும் தெரியும். வண்டியை வாங்கியவர் அல்லராதலால் தம் தெரிவைக் காத்துப் பேசவேண்டிய கட்டாயம் அவருக்கில்லை. விளம்பரத்துக்கு அஞ்சவேண்டிய பத்திரிகையும் அவரிடமில்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் கொறித்தபடி நிற்கும் சாரதிமார், தத்தம் வண்டிகளைப் பற்றித் தமக்குள் சொல்லிக்கொள்ளும் இரண்டு வாக்கியங்களுக்கு நிகரான மதிப்புரை நமது ஏடுகளில் வந்ததாக நினைவில்லை. முதலாளி வண்டிக்குத் திரும்பியதும் அவ்வாக்கியங்கள் நின்றுவிடுகின்றன.

நிற்காமல் அவை ஏட்டில் ஏறுவதற்கு ஒரு வழி செய்யலாம். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இவ்வகை வண்டிகளை வைத்திருப்போர் தம் அனுபவத்தை நமக்கு எழுதட்டும். எந்த ஆண்டு வண்டி, எந்த வீதியில், எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எது முறிந்தது, திருத்த எவ்வளவு செலவாயிற்று, மாட்டுக்கோ யானைக்கோ விலத்தியபோது வண்டி எப்படி நடந்துகொண்டது என்பன போதும், புகழுரை வேண்டாம். எழுதுகிறவர் தாமே ஓட்டாதவராயின், அனுப்புமுன் கடிதத்தைச் சாரதிக்கு ஒருமுறை வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் திருத்தங்களையும் சேர்த்து அனுப்புவாராக.